அக்கா சொன்னா நாலுதான்

கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க நான் சொன்னதும் டைரக்டரின் முகம் தொங்கிப்போனது. வந்ததிலிருந்து மனுஷர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எலக்ட்ரிக் பியானோவைப் போலச் சத்தம் எழுப்பும் நான்கு மென்பொருள்களை என் தம்பி சோதனைக்காக இறக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றைத் திறந்தாலும் திரை முழுக்க ஒரு படம் வரும். ஒன்றில் தேய்ந்த மரப்பெட்டி, துருப்பிடித்த திருகாணி, மூலையில் உரிந்து தொங்கும் தோல். இன்னொன்றில் பெட்டியின் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறையைக்கூட வரைந்து வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். டைரக்டர் அந்தக் கறையைப் பார்த்து உருகிப்போய், "மேடம், இதுதான் மேடம். இதுலதான் அந்தப் பழைய ஃபீல் இருக்கு" என்றார். அதுவரை நான் கீபோர்டில் ஒரு கட்டையைக்கூட அழுத்தியிருக்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். சத்தத்தைக் கேட்கக் கூப்பிட்டால் கறையைப் பார்த்துத் தலையாட்டுகிறார். "இதை ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டிக்கங்க சார். இங்க காதுக்கு மட்டும்தான் வேலை" என்று சொல்லிவிட்டுத் திரையைத் திருப்ப வைத்தேன்.

எங்கள் ஸ்டுடியோவில் இதற்கு ஒரு முறை உண்டு. நான் கொண்டுவந்த முறை. எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதானாலும் திரையை யாரும் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்க வேண்டும். ஏனென்றால் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிறவன்தான் எப்போதும் நல்லவனாகத் தெரிவான், வீட்டிலும் சரி, ஸ்பீக்கரிலும் சரி. எது எந்த எண் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிறவருக்கு மட்டுமே தெரியும். கேட்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பிடித்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு காலி கிளாஸில் போட வேண்டும். யார் பெரிய ஆள், யார் படத்துக்கு யார் முதலாளி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இந்த முறையைப் பற்றி நான் யாரிடமும் பெருமையடிக்காமல் இருந்ததில்லை.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தம்பி வீட்டுக் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்தைச் சுவர் வைத்து அடைத்து, உள்ளே கம்பளமும் பஞ்சுப் பலகையும் ஒட்டியிருக்கிறோம். கார் வெளியே வெயிலில் காய்கிறது. வேலை பிடித்துக்கொண்டு வருவது, வருகிறவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவது எல்லாம் தம்பி. பதிவு செய்தவற்றைக் கலந்து, கூட்டிக் குறைத்து, கடைசி வடிவம் கொடுக்கும் மிக்ஸிங் வேலை அவன் பெண்டாட்டியுடையது. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள். கீபோர்டு வாசிப்பது நான். எந்தப் படத்துக்கு எந்தச் சத்தம் என்று முடிவு செய்வதும் நான்தான். இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் ஆட்கள் எங்களைத் தேடி வருகிறார்கள் என்பது என் நினைப்பு. தம்பியும் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்கக்கா காதுலருந்து தப்பிச்ச சவுண்டே கிடையாது சார்" என்பான். எனக்கும் குளிர்ந்து போகும்.

டைரக்டரின் படம் முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. பின்னணிக்கு அந்த ஒரு கருவி போதும் என்று கேட்டிருந்தார். அசல் எலக்ட்ரிக் பியானோ இப்போது கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் தூக்க நாலு ஆள் வேண்டும், கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் இல்லை. ஆனால் அது எப்படிக் கொஞ்சும், எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். இளவயதில் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் வருடக்கணக்காக அதைத்தான் வாசித்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல், அது தட்டுவதற்கு ஒரு மெல்லிய கம்பி. மெதுவாகத் தொட்டால் மணி மாதிரிப் பேசும். ஓங்கி அடித்தால் குரைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் விரலை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வாசிக்கிறவளின் குணமே இருக்கிறது. எனக்கு இடப்பக்கம் டிரம்ஸ்காரர் உட்கார்ந்திருப்பார். அவருடைய பித்தளைத் தட்டு என் காதிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. அவர் அடித்த அடியெல்லாம் எங்கே போகிறது என்று அந்த வயதில் யார் யோசித்தார்கள்?

சரி, சோதனைக்கு வருகிறேன். நான் ஒரு முறை வாசித்ததைக் கம்ப்யூட்டர் பதிந்துகொண்டது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டேன் என்ற கணக்கு மட்டும். அதே வாசிப்பை நான்கு மென்பொருளிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டும். தம்பி பெண்டாட்டி திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நானும் தம்பியும் டைரக்டரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு கேட்டோம். முதலாவது, பொம்மைக் கடையில் வாங்கி வந்த சரக்கு. இரண்டாவதில் யாரோ பியானோ மேல் கனமான கம்பளியைப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவதுக்குச் சளி பிடித்திருந்தது. நாலாவது ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுத்தியல் கம்பியில் படுகிற அந்த முதல் கணம், அந்தச் சின்ன 'டிங்', அப்படியே கேட்டது. சமீபத்தில் எதைக் கேட்டாலும் ஏதோ சப்பென்று இருப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கருவிகள் கெட்டுவிட்டன, ஸ்பீக்கர் கெட்டுவிட்டது, காலமே கெட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இது மட்டும் தெளிவாக இருந்தது. நெஞ்சு நிறைந்துபோய், சீட்டில் நாலு என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

கிளாஸைக் கவிழ்த்தோம். இரண்டு, இரண்டு, நாலு. நாலுக்கு அடியில் கோடு.

தம்பி சட்டென்று தன் சீட்டை எடுத்துக் கசக்கினான். "நான் ஏதோ அவசரத்துல எழுதிட்டேன். அக்கா சொன்னா நாலுதான் சார்" என்றான். ரகசியச் சீட்டில் எழுதியதைக் கண்ணெதிரே மாற்றுகிறவனை என்ன செய்வது? வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். எனக்குச் சாதகமாக இருந்ததால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரையைத் திருப்பினார்கள். நாலாவது, அந்த டீக் கறை போட்டது. இரண்டாவதுக்குப் படமே கிடையாது. சாம்பல் நிறப் பலகையில் சில குமிழ்கள், அவ்வளவுதான்.

"அட, நம்ம கறைப் பியானோ!" என்று டைரக்டர் துள்ளினார். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டார். "ஆனா மேடம், தப்பா நினைக்காதீங்க. கண்ணுக்கு அது பிடிச்சிது, காதுக்குப் பிடிக்கல. பல்லு கூசற மாதிரி இருக்கு. மேல ஏதோ கண்ணாடித் துண்டைப் போட்டு இழுக்கறாங்க."

"அதுதான் சார் அசல். அசலைக் கேட்டுப் பழக்கமில்லாதவங்களுக்கு முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றேன். குரலில் எவ்வளவு ஏளனம் ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றித்தான் சொன்னேன். அவர் பாவம், தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து அவன் பெண்டாட்டி சொன்னாள். "பரவால்ல சார், அண்ணி சொன்னதையே வெச்சிக்கலாம். வழக்கம்போல நான் மிக்ஸிங்ல பாத்துக்கறேன்."

சொன்ன மறுகணம் அவள் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். எனக்கு எது கேட்காவிட்டாலும் கண் நன்றாகத் தெரியும். டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் முடிவைச் சொல்லுங்கள், நாளைக்கே பதிவை ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிக் கிளம்பினார். கதவு மூடுகிறவரை பொறுத்திருந்தேன்.

"வழக்கம்போலன்னா என்னம்மா?"

"ஒண்ணுமில்லக்கா, அவ சும்மா…" என்று ஆரம்பித்தான் தம்பி.

"உன்னைக் கேக்கல. நீ வாயை மூடு."

அவள் ஹெட்ஃபோனைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஒயரைச் சுற்றினாள். மறுபடி அவிழ்த்தாள். "சொல்லிடலாங்க. போதும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க குடுக்கற ட்ராக் எல்லாத்துலயும் மேல் சத்தம், அந்தக் கீச்சு, ரொம்ப ஏறி இருக்கு அண்ணி. எங்களுக்குக் காது வலிக்குது. நான் அதை வெட்டிட்டுத்தான் வெளிய அனுப்பறேன். போன மழைக்காலத்துலருந்து எல்லாமே அப்படித்தான். அதுக்கு முன்னாடி அங்கங்க."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். எனக்குப் பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். ஒவ்வொரு வேலையும் முடிஞ்சப்புறம் நான் உக்காந்து கேக்கறேனே. வெட்டியிருந்தா எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல உன் மிக்ஸிங் போர்வை போத்தின மாதிரி இருக்குன்னு நான்தானே உன்னைத் திட்டினேன்? அப்புறம் நீயே திருத்திக்கிட்டியே?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு மிக மெதுவாகச் சொன்னான். "உனக்குப் போட்டுக் காட்டறது வேறக்கா."

"என்ன?"

"உனக்கு வெட்டாம ஒண்ணு தனியா பண்ணுவா. அதைத்தான் நீ கேப்ப. வெளிய போறது வேற."

என் காலடியில் இருந்த கம்பளத்தை யாரோ உருவிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கென்று தனியாக ஒரு மிக்ஸ்! ஒரு வருடமாக இவர்கள் இரண்டு இரண்டாகச் செய்திருக்கிறார்கள். உலகத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் அந்த நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டு, "இந்த இடம் பிரமாதம், அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் தூக்கு" என்று சொல்லும்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் பின்னால் நின்று தலையாட்டியிருக்கிறார்கள். பாத்திரம் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு பொம்மைப் பாத்திரத்தைத் தேய்க்கிற குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி. போன வருடம் ஒரு பெரிய இசையமைப்பாளர் என்னைத் தேடி போன் செய்து, "எவ்வளவு இதமா இருக்கும்மா அந்தச் சவுண்டு, எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். நான் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த இதம் என்னுடையதே இல்லை. இதோ இங்கே ஒயரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுடையது. அன்றைக்கு இவளும் எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "நல்லதாச்சு அண்ணி" என்றாள்.

"ஒப்புக்குச் சப்பாணியா என்னை உக்கார வெச்சிருந்தீங்களாடா?" என்று கத்தினேன். பஞ்சுப் பலகை ஒட்டிய அறையில் கத்துவதில் ஒரு திருப்தியும் கிடையாது. குரல் வாயை விட்டு வெளியே போனதுமே செத்துவிடுகிறது. "ரெண்டு பேரும் சேந்து ஒரு வருஷமா எனக்குக் காது குத்தியிருக்கீங்க!"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா."

மனசாம், நோகக் கூடாதாம். இவன் எப்போதும் இப்படித்தான். சின்ன வயதில் வீட்டில் தட்டு உடைந்தால், உடைத்தது யாராயிருந்தாலும் ஓடிப்போய் துண்டுகளைப் பொறுக்கி மெத்தைக்கு அடியில் ஒளித்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். அப்புறம் மெத்தையில் படுக்கிறவர்கள் கிழித்துக்கொள்வார்கள். தான் நல்ல பிள்ளை என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவனுக்கு அது போதும். பெண்டாட்டிக்கு இரட்டை வேலை. ஒரு நாள்கூட அவள் முணுமுணுத்துக் கேட்டதில்லையே என்று நினைத்ததும் அவள்மேல் இன்னும் கோபம் வந்தது. நான் போர்வை என்று திட்டியபோதே, 'போர்வை உங்க காதுல இருக்கு' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் ஏதாவது செய்திருப்பேன்.

"எனக்குக் காது கேக்கலன்னு நீங்க ரெண்டு பேர் சொன்னா ஆச்சா? நிரூபி" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரில் ஒரு ஒற்றைச் சத்தத்தை எடுத்தாள். கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் வெறும் விசில். மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அவரவருக்குச் சத்தம் நின்றதும் கையைக் கீழே போட வேண்டும் என்றாள். கண்ணை மூடச் சொன்னாள். நான் மூடவில்லை. இனிமேல் இவர்கள் முன்னால் கண்ணை மூடுவேனா? சத்தம் அடித்தொண்டையில் ஆரம்பித்து, புல்லாங்குழலாகி, குருவியாகி, மெலிந்துகொண்டே ஏறியது. ஏறியது. பிறகு இல்லை. விளக்கை அணைத்த மாதிரி, சட்டென்று. நான் கையைக் கீழே போட்டேன்.

தம்பி பாதிக் கண்ணால் என்னைப் பார்த்தான். அவனும் உடனே கையைப் போட்டான். "எனக்கும் நின்னுடுச்சுக்கா" என்றான்.

அவன் பெண்டாட்டியின் கை அப்படியே மேலே இருந்தது. கண்ணை மூடியிருந்தாள். அறையில் எனக்கு ஏசியின் முனகல் தவிர ஒன்றும் கேட்கவில்லை, அவள் கை மட்டும் அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவளுடைய முகம் மெல்லச் சுளித்தது, தோள் காதுப் பக்கம் ஏறியது. எனக்கு இல்லாத ஏதோ ஒன்று அந்த அறையில் நடந்துகொண்டிருந்தது. தம்பியின் கழுத்தும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, கையைக் கீழே போட்ட பிறகும். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. கோபத்துக்கு நடுவே வந்த பயம், அதனால் கோபம் இன்னும் பெரிதாகிவிட்டது.

"பொய்க்காரா" என்றேன் தம்பியைப் பார்த்து.

அவள் சத்தத்தை நிறுத்திவிட்டு, கையைக் கீழே போட்டு, கண்ணைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அது தேவையில்லை. எழுந்து வெளியே போய், வெயிலில் காய்கிற காரின் மேல் கையை வைத்து, சுட்டதும் எடுத்தேன். தெருவில் ஒரு பைக் போனது. அதில் எவ்வளவு எனக்குக் கேட்டது, எவ்வளவு கேட்கவில்லை என்று யோசித்தேன். இனி எதைக் கேட்டாலும் இப்படி யோசிக்க வேண்டியதுதானா? மறுபடி உள்ளே வந்தேன்.

தம்பி அதற்குள் எல்லாவற்றையும் பூசி மெழுகி வைத்திருந்தான். "டாக்டர்கிட்ட போலாம்க்கா. இப்பல்லாம் நல்ல நல்ல மிஷின் வந்திருக்கு. அது வரைக்கும் நீ ஏன் இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கற? நீ வாசி. உன்னை மாதிரி வாசிக்க யார் இருக்கா? சவுண்டு செலக்‌ஷனை மட்டும் நாங்க பாத்துக்கறோம். டைரக்டர்கிட்ட ரெண்டுன்னு சொல்லிடலாம். அக்காவே யோசிச்சு மாத்திட்டாங்கன்னு சொல்லிக்கறேன், உனக்கும் மரியாதை."

"மறுபடியும் தனி மிக்ஸா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா…"

"டேய், நீ கீபோர்டைத் தொட்டிருக்கியா வாழ்க்கைல? எந்தச் சத்தம் திரும்பி வருதுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு ஓங்கி அடிக்கணும்னு விரலுக்குத் தெரியும். நீங்க கேக்கற சத்தம் வேற, எனக்குக் கேக்கற சத்தம் வேறன்னா, நான் யாருக்கு வாசிக்கறேன்? கண்ணைக் கட்டிட்டு சமைக்கச் சொல்ற, ருசி நாங்க பாத்துக்கறோம்ங்கற. அதுக்கு ஆள் எதுக்கு, கம்ப்யூட்டரே வாசிக்கும், விட்டுடு."

எனக்கு அந்த நிமிஷத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போது நான் எழுந்து மேலே போய்ப் படுத்தால், டைரக்டர் திரும்பி வரும்போது இந்த நாற்காலி காலியாக இருக்கும். தம்பி ஏதாவது இனிப்பாகச் சொல்லிச் சமாளிப்பான். நாளைக்கு நான் வந்து வாசிப்பேன். அடுத்த படத்துக்கும் வந்து வாசிப்பேன். 'எங்கக்கா காது' என்று அவன் இனிமேலும் சொல்வான், சொல்லும்போது பெண்டாட்டியைப் பார்க்க மாட்டான். அப்படியே வயதாகிவிடும்.

"ரெண்டாவதைத் திற" என்றேன் அவளிடம்.

திறந்தாள். சாம்பல் நிறப் பலகை. அதில் மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை என் கீபோர்டில் இடது கைக்குக் கிட்டே இருக்கும் திருகோடு இணைக்கச் சொன்னேன். இணைத்தாள். இந்தப் பெண்ணுக்கு வேலை சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்கத் தெரியாது. பெரிய ஸ்பீக்கரில் விடச் சொன்னேன். அப்புறம் தம்பியின் நாற்காலியை இழுத்து, ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவில், என் கண்ணுக்கு நேரே போட்டேன்.

"உக்காரு."

"எதுக்குக்கா?"

"நீ வாயைத் திறந்தாத்தானே பொய் வருது. வாயைத் திறக்காத. மூஞ்சியைக் காட்டு, போதும்."

உட்கார்ந்தான். நான் வலது கையால் மேல் கட்டைகளில் ஆரம்பித்தேன். பூ மாதிரித் தொடவில்லை, ஓங்கித்தான் அடித்தேன். அந்தக் கருவியைக் குரைக்க வைக்கிற அடி. இடது கையால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். முதலில் எனக்கு எல்லாம் கம்பளிக்குள்தான் இருந்தது. தம்பி இனிமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான், ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி. கூட்டினேன். கம்பளி விலகியது. சுத்தியல் தெரிய ஆரம்பித்தது. அவன் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கொஞ்சம் சிறுத்தது. "நடிக்காத" என்றேன். "நல்லாதான்க்கா இருக்கு" என்றான், வாயைத் திறக்காதே என்று சொல்லியும்.

கூட்டினேன். எனக்கு இப்போதுதான் நன்றாக இருந்தது. அந்தச் சின்ன 'டிங்' வந்துவிட்டது. இதற்குமேல் எனக்குத் தேவையே இல்லை, ஆனாலும் கூட்டினேன். ஒரு வருடத்துக் கோபம், அதை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டிருந்தேன், எல்லாம் விரலுக்கு வந்துவிட்டது. கட்டைகள் தடதடத்தன. மூலையில் அவன் பெண்டாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தை முழங்காலில் புதைத்துவிட்டாள். தம்பி அசையவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அப்போதும் சிரித்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு வலியையும் முழுங்கிக்கொண்டு ஒரு மனிதன் என் எதிரே சிரிக்கிறான், அதற்குப் பெயர் பாசமாம். நான் திருகை இன்னும் திருப்பினேன்.

"நிறுத்துடி!"

நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் மோதியது. தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான், முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "காது கிழியுதுடி! பைத்தியமா உனக்கு? எத்தனை நாள்டி இதைக் கேட்டுட்டே உக்காந்திருக்கறது! ஒவ்வொரு நாளும் தலைவலி! ஒவ்வொரு நாளும்!"

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக்குப் பிறகு அவன் என்னை டி போட்டதில்லை. கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அவமானமாக இருந்தது. எரிந்தது. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. திருகை ஒரு நூல் பின்னுக்கு எடுத்தேன்.

"இப்ப?"

"இன்னும் குறை."

குறைத்தேன். எனக்கு அந்த 'டிங்' மங்கியது.

"இப்ப?"

"குறைன்னா குறையேன்!" என்று எரிந்து விழுந்தான்.

குறைத்தேன். பியானோ எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பளிக்குள் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தை விட்டுவிட்டு அவன் புருவத்தைப் பார்த்தேன், தாடையைப் பார்த்தேன், கழுத்து நரம்பைப் பார்த்தேன். அடிக்கிற அடியை மட்டும் மாற்றவில்லை. வெளியே காரை நிறுத்துகிற அரவம் கேட்டிருக்க வேண்டும், அவன் பெண்டாட்டி தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். டைரக்டர் வந்துவிட்டார் போல. யாரும் எழுந்து போகவில்லை.

"இப்ப?" என்றேன்.

அவன் என்னை முறைத்துக்கொண்டே, ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்தான்.